பட்டறைக் கருவியில் 400 காட்டுகிறது: காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் வடிவமைப்பும் நிர்மாணத் தொழில்நுட்பவியலும் கற்பிக்கிறீர்கள். வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர் ஒருவர் காற்றிலுள்ள நுண்தூசியின் அளவை (பிஎம் 2.5) காட்டும் சிறு கருவி ஒன்றை அனுப்பியிருக்கிறார். பட்டறையில் வேலை நடக்காத நேரம் அது 20, 30 என்று நிற்கிறது. மின்சாரத்தில் ஓடும் அரத்தாள் இயந்திரத்தைப் போட்டால் 180. பாடம் முடிந்து பிள்ளைகள் கூட்டும்போது 400ஐத் தாண்டுகிறது. மார்கழியில் ஒரு நாள் பூட்டிக் கிடந்த பட்டறையைக் காலையில் திறந்தபோதே 90. பழைய மாணவர் சங்கம் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கப் பணம் தரத் தயாராக இருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை இருமுவதையும் எழுதி, வாங்கலாமா, பிள்ளைகளுக்கு ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: பட்டறைக்கு வேண்டாம். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் அந்தக் கருவி உங்களை ஒரு பக்கம் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறது, இன்னொரு பக்கம் பார்க்கவேண்டியதைப் பார்க்காமலே விடுகிறது.

தொழிலிடங்களில் தூசி அளப்பது 20 வருடங்களுக்கு மேலாக என் வேலை. மரக்காலைகள், அரிசி ஆலைகள், தளபாடத் தொழிற்சாலைகள் என்று பலவற்றில், தூசியை உறிஞ்சிப் பிடிக்கும் சிறு பம்பியை வேலையாட்களின் உடம்பில் கட்டிவிட்டு அவர்களின் பின்னால் நடந்திருக்கிறேன். பிறந்தது முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒரு தச்சர் வீட்டில். ஆனால் நான் வைத்தியர் இல்லை. உங்கள் வகுப்பில் இருமும் பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் பட்டறையை நான் பார்க்கவும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒன்றை உடனே பாருங்கள். கருவியின் திரையில் தெரியும் எண் ஒரு கன மீற்றருக்கு இத்தனை மைக்கிரோகிராம் என்பதா, அல்லது அதை வைத்துக் கணக்கிடும் காற்றுத் தரச் சுட்டெண்ணா (ஏகியூஐ)? இரண்டையும் குழப்பாதவர்களை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். அமெரிக்கச் சுட்டெண்ணில் 150 என்றால் உண்மையில் 55 மைக்கிரோகிராம் அளவுதான். சில கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒன்று மற்றதாக மாறிவிடும், பிறகு போன மாதக் கணக்கும் இந்த மாதக் கணக்கும் ஒட்டாது. நீங்கள் எழுதியவை மைக்கிரோகிராம்தான் என்று வைத்துக்கொண்டு தொடர்கிறேன்.

பிஎம் 2.5 என்பது 2.5 மைக்கிரோமீற்றருக்குக் குறைந்த துகள்களின் மொத்த எடை. தலைமயிர் ஒன்றின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. உங்களிடம் இருப்பது போன்ற மலிவான கருவிகள் எடையை நிறுப்பதில்லை. உள்ளே ஒரு சிறு லேசர் ஒளி இருக்கிறது. அதைக் கடந்துபோகும் துகள் ஒளியைச் சிதறடிக்கிறது. அந்த மினுக்கத்தைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. புகைக்கு இந்த ஊகம் பரவாயில்லை. மரத்தூளுக்குச் சரிவராது. மரத்தூளில் பெரும்பங்கு 10 மைக்கிரோமீற்றருக்கும் மேற்பட்ட துகள்கள். அவை கருவியின் சின்னத் துவாரத்துக்குள் ஒழுங்காகப் போவதே இல்லை, போனாலும் சரியாக எண்ணப்படுவதில்லை. பிஎம் 10 என்று இன்னொரு எண்ணும் காட்டுமே, அது பெரும்பாலும் பிஎம் 2.5ஐ வைத்துப் போட்ட கணக்கு. ஆகவே அரத்தாள் இயந்திரம் ஓடும்போது 180 என்றால், பிள்ளைகளின் மூக்குக்குள் போவது அதைவிடப் பல மடங்காக இருக்கலாம். அது எத்தனை மடங்கு என்று இந்தக் கருவியை வைத்து எவராலும் சொல்ல முடியாது. காற்றை வடிதாள் வழியாக உறிஞ்சி, அதில் படிந்த தூசியைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் முறையால்தான் முடியும்.

இது குறைத்துக் காட்டும் கதை. கூட்டிக் காட்டும் கதையும் உண்டு, அது மாரி காலத்துக்கு உரியது. காற்றில் ஈரப்பதன் 85, 90 சதவீதத்தைத் தாண்டும்போது நுண்துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதும். கருவி அந்தத் தண்ணீரையும் தூசி என்றே எண்ணும். மார்கழிக் காலையில் பட்டறைக் கதவைத் திறந்தபோது கண்ட 90இல் ஒரு பகுதி பனிமூட்டமாக இருக்கலாம். அதற்காக முழுவதையும் பனி என்று தள்ளிவிடவும் வேண்டாம். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வங்காள விரிகுடாவுக்கு அப்பாலிருந்து, இந்தியப் பக்கத்துப் புகை வடமாகாணத்துக்கு வந்து சேர்வது உண்மை. 2022 மார்கழி உங்களுக்கு நினைவிருக்கும். மண்டௌஸ் புயல் நேரம் வானம் சாம்பலாக நின்றது, டிசம்பர் 9ஆம் திகதி நாடு முழுவதும் அரச பாடசாலைகளை மூடினார்கள். அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் செத்ததால் சனம் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது. மாடுகளைக் கொன்றது குளிர் என்றுதான் மிருக வைத்தியர்கள் சொன்னார்கள். அப்படியான நாட்களில் உங்கள் பட்டறையில் தெரிவது பட்டறையின் தூசி இல்லை, ஊரின் காற்று. பிரித்துப் பார்க்க வழி சுலபம்: கருவியைக் காலையில் வெளியே மரநிழலில் 15 நிமிடம் வையுங்கள், பிறகு உள்ளே வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பட்டறையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி 400. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலில் பிஎம் 2.5க்கு 24 மணிநேரச் சராசரி 15, ஆண்டுச் சராசரி 5 மைக்கிரோகிராம். இலங்கையின் 2008 நியமத்தில் அவை 50, 25. இந்த எண்களோடு 400ஐ நேரே வைத்துப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் அவை ஒரு முழு நாளின் அல்லது ஆண்டின் சராசரி, உங்களுடையதோ கூட்டும் நேரத்து ஒரு 10 நிமிடம். 400ஐ 10 நிமிடம் சுவாசித்தால் அந்த நாளின் சராசரியில் ஏறுவது 3 மைக்கிரோகிராமுக்கும் குறைவு. ஊர்க் காற்று நாள் முழுக்க 60ஆக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அதுதான் பெரிய சுமை. வீட்டில் விறகடுப்புக்குப் பக்கத்தில் இருந்து படிக்கிற பிள்ளைக்கு இன்னும் பெரிய சுமை அங்கே இருக்கலாம். இதை உங்களை ஆறுதல்படுத்தச் சொல்லவில்லை. முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்குச் சராசரி என்ற கணக்கு உதவாது. 10 நிமிட உச்சமே இழுப்பைத் தொடக்கிவிடும். அப்புறம், மரத்தூள் வேறு சாதி. அதை வெறும் எடையாகப் பார்க்கக்கூடாது.

மரத்தூளைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 1995இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. மூக்கிலும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் வரும் அரிதான புற்றுநோய் அது. பலமான ஆதாரம் ஐரோப்பாவில் ஓக், பீச் போன்ற வன்மரங்களில் பல பத்தாண்டுகள் உழைத்த தளபாடத் தொழிலாளரிடமிருந்து கிடைத்தது. கிழமைக்கு இரண்டு பாடவேளை பட்டறைக்கு வரும் மாணவரை அவர்களோடு ஒப்பிட்டுப் பயப்படுவது பொருத்தமில்லை. நம் மரங்களில் வேறு சிக்கல் இருக்கிறது, அது உடனே தெரியும். முதிரைத் தூள் பட்டால் பலருக்குத் தோல் சிவந்து கடிக்கும். என் பெரியப்பா முதிரை இழைத்த நாட்களில் முழங்கை வரை தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டுதான் இருப்பார், அப்படியும் இரவில் சொறிவார். தேக்கும் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஒரு தடவை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சத் தூளுக்கே உடம்பு எதிர்வினை காட்டும் என்பதுதான் இதில் கரைச்சல். மரநாரைப் பசையிட்டு அமுக்கிச் செய்த எம்.டி.எவ். பலகையை வெட்டினால் தூள் மிக நுண்ணியது, கூடவே பசையிலுள்ள ஃபோமல்டிகைட்டு என்ற எரிச்சலூட்டும் வாயுவும் வரும். மலிவாகவும் நேராகவும் இருக்கிறது என்று செயற்றிட்டங்களுக்கு அதை வாங்கிக் குவிக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மலைவேம்புப் பலகை போதாதா?

இனி உங்கள் எண்களில் என் கண்ணில் முதலில் பட்ட விடயம். இயந்திரம் ஓடும்போது 180, கூட்டும்போது 400. வேலை செய்வதைவிடத் துப்புரவு செய்வதில் காற்று மோசமாகிறது. இது நான் போன பட்டறைகளில் பாதிக்கு மேல் கண்டது. காரணம் துகள் விழும் வேகம். அசையாத காற்றில், ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து 100 மைக்கிரோமீற்றர் துகள் சில விநாடிகளில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்கிரோமீற்றருக்கு எட்டு நிமிடமளவு. 2.5க்கு இரண்டு மணிநேரத்துக்கு மேல். 1 மைக்கிரோமீற்றருக்கு அரை நாள். அதாவது பாடம் நடந்த காலையில் எழும்பிய மிக நுண்ணிய தூள், காற்றோட்டம் இல்லாவிட்டால், அடுத்த வகுப்பு வரும்போதும் அந்தரத்தில்தான் நிற்கும். மீதி நிலத்திலும் வாங்கின் மேலும் யன்னல் கட்டிலும் படிந்து காத்திருக்கும். காய்ந்த தும்புத்தடியால் ஒரு விசுக்கு விசுக்கினால் எல்லாம் மறுபடி மேலே. அந்தத் தும்புத்தடியைப் பிடித்திருப்பது யார்? துப்புரவு முறையில் நிற்கும் இரண்டு பிள்ளைகள், குனிந்தபடி, மூச்சு வாங்க.

ஆகவே ஒரு சதம் செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது: காய்ந்த கூட்டலை நிறுத்துங்கள். பழைய மரக்காலைக்காரர் முறை ஒன்று இருக்கிறது. இரண்டு சிரட்டை மரத்தூளை எடுத்துத் தண்ணீரில் பிசைந்து, கையில் ஈரம் தெரிகிற பதத்தில் நிலத்தில் தூவி, பிறகு மெதுவாகத் தள்ளிக் கூட்டுவது. ஈரத்தூள் நுண்தூளை ஒட்டிக்கொண்டு போகும். வாங்கு, அலுமாரி எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடையுங்கள். காற்றமுக்கியால் ஊதித் துப்புரவாக்கும் பழக்கம் இருந்தால் அதை அடியோடு விடுங்கள், உடுப்பில் ஊதுவதையும்தான்.

சுத்திகரிப்பானுக்கு வருகிறேன். உங்கள் பட்டறை 12க்கு 7 மீற்றர், உயரம் மூன்றரை என்று வையுங்கள். கிட்டத்தட்ட 300 கன மீற்றர். வீட்டுப் பாவனைக்கு விற்கும் இயந்திரம் ஒன்று மணிக்கு 300 கன மீற்றர் சுத்தமான காற்றுத் தந்தால், அறைக் காற்றை மணிக்கு ஒரு முறை மாற்றியதற்குச் சமம். அந்த வேகத்தில் ஒரு மணிநேரம் கழித்தும் தூசியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சியிருக்கும். மணிக்கு ஆறு முறை காற்று மாறினால் அரை மணிநேரத்தில் 95 சதவீதம் போய்விடும். எதிரெதிர்க் கதவும் யன்னலும் திறந்த கட்டடத்துக்குள் சோளகம் வீசினால் அதைவிடக் கூடவே மாறும், இலவசமாக. யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு சுத்திகரிப்பானை ஓட்டினால் அது வன்னி முழுவதையும் வடிகட்டப் பார்க்கும். யன்னலைப் பூட்டினால் தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் அவிந்துபோவார்கள். அதோடு மரத்தூள் அதன் வடிகட்டியைச் சில கிழமைகளில் அடைத்துவிடும். மாற்று வடிகட்டி யார் வாங்குவது? நன்கொடையாக வந்த இயந்திரம் முதல் வடிகட்டியோடு படுத்து, மேலே சேலைத்துணி போர்த்து மூலையில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். பாடசாலையின் பெயர் வேண்டாம்.

சங்கம் எப்படியும் அதைத்தான் வாங்குவோம் என்று நின்றால், பூட்டக்கூடிய சிறிய வகுப்பறை ஒன்றில் வைத்து, மார்கழிப் புகை நாட்களில் முட்டுள்ள பிள்ளைகளை அங்கே இருத்துங்கள். அங்கே அது உண்மையில் உதவும். அந்த நாட்களில் பட்டறையில் தூள் எழுப்பும் வேலை வேண்டாம், வரைபடப் பாடத்தை எடுங்கள்.

பணத்தை வேறு வழியில் செலவிடச் சம்மதித்தால் நான் வாங்குவது இவை. தூள் பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடிக்க, அரத்தாள் இயந்திரத்தின் வாயில் குழாய் மாட்டக்கூடிய, பட்டறைக்கென்று செய்த தூசி உறிஞ்சி ஒன்று, நுண்தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியோடு. உறிஞ்சிக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் மூடியுள்ள பெரிய வாளி ஒன்றில் காற்றைச் சுழலவிடும் பிரிப்பான். இதை மாணவரே செயற்றிட்டமாகச் செய்யலாம். பெருந்தூள் வாளியில் விழுந்துவிடும், விலைகூடிய வடிகட்டி நீண்டநாள் நிற்கும். துணிப்பை மாட்டிய பழைய உறிஞ்சியை யாரும் இனாமாகத் தந்தால் யோசியுங்கள். அந்தப் பை சீவலைப் பிடித்துக்கொண்டு நுண்தூளை அறை முழுக்க ஊதிவிடும். பார்க்கத் துப்புரவாக இருக்கும், கருவியின் எண் ஏறும். இன்னொன்று: மரத்துக்கும் இரும்புக்கும் ஒரே உறிஞ்சியைப் பாவிக்கவே வேண்டாம். கிரைண்டர் பொறி ஒன்று தூள் பைக்குள் போனால் உள்ளுக்குள் கனன்று பிறகு பற்றும். வன்னி மரத்தில் இன்னும் போர்க்காலச் செல் துண்டு இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அறுக்கும்போதே பொறி பறக்கலாம்.

எல்லாவற்றையும்விட நல்ல காற்றோட்டம் வெளியே இருக்கிறது. அரத்தாள் போடும் வேலையை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோங்கள். காற்று முதுகுப் பக்கமிருந்து வராமல் தோள் பக்கமிருந்து வரும்படி பிள்ளையை நிற்கவையுங்கள். முதுகில் காற்று வாங்கினால் உடம்புக்கு முன்னால் ஒரு சுழல் உண்டாகி, தூளை முகத்துக்கே கொண்டுவரும். தூள் போகும் திசையில் வகுப்பறை இருக்கக்கூடாது. சோளகத்துக்கு ஓரிடம், வாடைக்கு ஓரிடம் என்று இரண்டு இடம் குறித்துக்கொள்ளுங்கள். முகக்கவசம் கடைசிதான். சத்திரசிகிச்சைக் கவசம் ஓரங்களில் ஒழுகும். என்95 வகை நல்லது, ஆனால் பெரியவர் அளவைச் சின்ன முகத்தில் போட்டால் அதுவும் ஒழுகும். லேஞ்சியை நனைத்துக் கட்டுவதால் பெரிய பயன் இல்லை.

உயர்தரப் பிள்ளைகள் அதே இடத்தில் வெல்டிங் செய்தால் அந்தப் புகையும் 2017 முதல் புற்றுநோய்ப் பட்டியலின் முதலாம் பிரிவில்தான் இருக்கிறது. அதன் துகள்களில் பல, உங்கள் கருவி காணக்கூடிய அளவைவிடச் சிறியவை. நாகம் (துத்தநாகம்) பூசிய ஜீ.ஐ. குழாயைப் பூச்சு சுரண்டாமல் ஒட்டினால், சில மணிநேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வாயில் இரும்புச் சுவையும் வரும். ஒன்றிரண்டு நாளில் மாறிவிடும், ஆனால் டெங்குவோ என்று வீடு அல்லோலகல்லோலப்படும். வெல்டிங்கும் வெளியேதான். கருவி அடையாளம் சொல்லவே முடியாத இன்னொன்று கல்நார் (அஸ்பெஸ்டஸ்). கூரை அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருந்தால், சும்மா இருக்கும் வரை விடுங்கள். அதில் துளை போடுவதும், வெட்டுவதும், பாசியைக் கம்பித் தூரிகையால் உரஞ்சுவதும் கூடாது. எண் 20 என்று காட்டினாலும் அதில் எத்தனை நார் என்று அதற்குத் தெரியாது.

கருவியைவிட நான் நம்பும் ஒரு சோதனை சொல்கிறேன். தகரக் கூரையின் ஆணித்துளையால் வெயில் கம்பிபோல இறங்கும் அல்லவா, அதில் தூள் மிதப்பது தெரியும். தூசி அளப்பவர்கள் இதையே விளக்கு வைத்துச் செய்கிறோம். யன்னல்களைச் சாத்தி, பலமான டோர்ச் ஒன்றை வேலை நடக்கும் இடத்துக்கு அப்பால் உங்களை நோக்கி வைத்து, விளக்கின் முகம் நேரே கண்ணில் படாமல் ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். தூள் எங்கிருந்து எழுகிறது, யார் முகத்துக்குப் போகிறது என்று பிள்ளைகளே காட்டித் தருவார்கள்.

இருமும் பிள்ளையைப் பற்றி ஒன்று. இருமல் சனி ஞாயிறும் தவணை விடுமுறையிலும் குறைந்து, பட்டறை நாட்களில் திரும்பினால், அந்த ஒழுங்கைத் திகதியோடு எழுதி வைத்தியரிடம் கொடுங்கள். வைத்தியருக்கு என் எண்களைவிட அது பயன்படும். அதே குறிப்பை உங்களைப் பற்றியும் எழுதுங்கள். உங்கள் கேள்வி முழுவதும் பிள்ளைகளைப் பற்றி. அவர்கள் கிழமைக்கு 80 நிமிடம் இருந்துவிட்டு இரண்டொரு வருடத்தில் போய்விடுவார்கள். ஒவ்வொரு வகுப்போடும், ஒவ்வொரு நாளும், ஓய்வு பெறும் வரை அந்தத் தூளில் நிற்பவர் நீங்கள்தான். முன்சொன்ன தளபாடத் தொழிலாளருக்குக் கிட்ட வருபவர் அந்தப் பட்டறையில் நீங்கள் ஒருவர்தான். காலையில் மூக்கைச் சிந்தினால் தூள் நிறம் வருகிறதா, ஒரு பக்க மூக்கு மட்டும் அடிக்கடி அடைபடுகிறதா, இரத்தம் வருகிறதா? ஏதாவது இருந்தால் காது மூக்கு தொண்டை வைத்தியரைப் பார்க்கும்போது உங்கள் தொழிலைச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு கிழமை ஈரத்தூள் போட்டுக் கூட்டிவிட்டு, கூட்டும் நேரத்து எண்ணை, கருவியை முந்தி வைத்த அதே இடத்தில் பிள்ளையின் மூக்கு மட்டத்தில் வைத்து எடுத்து எழுதுங்கள். 400 எவ்வளவாகிறது என்று பார்த்துவிட்டு, உறிஞ்சி எந்த அளவில் வாங்குவது என்று பேசுவோம்.